பல்கலைக்கழகத் துறையில் எம்.எஸ்சி. சேர்வது பற்றி: சென்னைப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சி நடக்கும் இடமா, சான்றிதழ் தரும் அலுவலகமா?

செங்கம் ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு திருவண்ணாமலையில் ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறாள். மேற்படிப்புக்கு இரண்டு இடங்கள் கிடைத்துள்ளன. ஒன்று சென்னையில் நல்ல பெயருள்ள ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல். மற்றொன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் எம்.எஸ்சி. உயிர் இயற்பியல். மகளுக்கு இரண்டாவதன் மேல்தான் ஆசை. ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள் அவள்.

எனக்குள்ள குழப்பத்தை மறைக்காமல் சொல்கிறேன். நான் பட்டம் பெற்ற காலத்தில் எங்கள் பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. என் பி.எஸ்சி. சான்றிதழில் அந்தப் பெயர்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் நான் ஒருநாளும் காலடி வைத்ததில்லை. கடற்கரைச் சாலையில் பேருந்தில் போகும்போது செனட் ஹவுஸ் கோபுரங்களைப் பார்த்ததோடு சரி. எங்களைப் பொறுத்தவரை பல்கலைக்கழகம் என்பது வினாத்தாள் வரும் இடம், மதிப்பெண் பட்டியல் வரும் இடம், அரியர் கட்டணம் போகும் இடம், அவ்வளவுதான். உறவினர்களும் அதையே சொல்கிறார்கள். பரீட்சை நடத்துகிற அலுவலகத்தில் போய்ப் பிள்ளையைப் படிக்க வைப்பார்களா என்று என் தம்பியே கேட்டுவிட்டான். போதாததற்கு, நிதி நெருக்கடி, துணைவேந்தர் பதவி காலி என்று செய்தித்தாளில் அடிக்கடி வருகிறது.

அங்கே உண்மையில் ஆராய்ச்சி நடக்கிறதா? துறையில் படிப்பதற்கும் இணைவுக் கல்லூரியில் படிப்பதற்கும் என்ன வேறுபாடு? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கிண்டிப் பழைய மாணவன்

அம்மா, வணக்கம். தங்கள் மகள் சேர விரும்பும் அதே படிப்பைத் தொண்ணூறுகளின் நடுவில் அதே வளாகத்தில் படித்தவன் நான். ஆகவே என் பதிலில் ஓரளவு பாசம் கலந்திருக்கும், அதைக் கழித்துவிட்டு வாசியுங்கள்.

முதலில் தங்கள் தம்பி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1857 செப்டம்பர் 5 அன்று சட்டம் இயற்றி இந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்படுத்தியபோது லண்டன் பல்கலைக்கழகத்தைத்தான் முன்மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். கல்லூரிகள் பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும், அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியேதான் ஓடியது. 1904ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்கள் தாமே பாடம் சொல்லிக்கொடுக்கவும் ஆராய்ச்சி நடத்தவும் வழி திறந்த பிறகுதான் சொந்தத் துறைகளும் பேராசிரியர்களும் வந்தார்கள், 1923ஆம் ஆண்டின் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. ஆக ஒரே பெயருக்குள் இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்தும் பெரிய அலுவலகம் ஒன்று, சில சிறிய ஆராய்ச்சித் துறைகளின் தொகுப்பு மற்றொன்று. தாங்கள் பட்டம் வாங்கியது முதலாவதிடம், தங்கள் மகள் போக நினைப்பது இரண்டாவதுக்கு.

அந்த இரண்டாவது எப்படிப்பட்டது என்பதற்கு அவள் சேரவிருக்கும் துறையின் கதையையே சொல்லலாம். 1952இல் ஜி.என். ராமச்சந்திரன் புதிதாகத் தொடங்கிய இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார், இன்றைய துறையின் வேர் அதுதான். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் முடித்துத் திரும்பியிருந்த அவருக்கு அப்போது முப்பது வயதுதான். அந்த வயதுக்காரரிடம் ஒரு துறையையே ஒப்படைக்கலாம் என்று துணிந்தவர் அன்றைய துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். (முதலியார் 1942 முதல் 1969 வரை இருபத்தேழு ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார் என்பதை இன்றைய மாணவர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.) நம் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு அப்போது யாருக்கும் பிடிபடாமல் இருந்தது. பக்கத்தில் அடையாற்றில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மாதிரி வாங்கிவந்து, எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முறுக்குக் கயிறு போன்ற அமைப்பை அவர் 1954, 1955 ஆண்டுகளில் வெளியிட்டார்.

கதையின் சுவையான பகுதி அதற்கு அப்புறம்தான் வருகிறது. அந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று டி.என்.ஏ. அமைப்பைக் கண்டவர்களில் ஒருவரான ஃப்ரான்சிஸ் கிரிக் முதலானவர்கள் குறை சொன்னார்கள். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம், எதற்குமேல் நெருங்க முடியாது என்பதற்கே அப்போது தெளிவான கணக்கு இல்லை. ராமச்சந்திரன் அந்தக் கணக்கையே போட உட்கார்ந்தார். ஒரு புரதச் சங்கிலி ஒவ்வொரு கணுவிலும் ஃபை, சை என்ற இரண்டு கோணங்களில் திரும்ப முடியும். எந்தெந்தத் திருப்பங்களில் அணுக்கள் மோதிக்கொள்ளாமல் இருக்கும் என்பதை ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய இருவரோடும் சேர்ந்து கணித்து 1963இல் ஒரு வரைபடமாக வெளியிட்டார். இன்றைக்கு உலகின் எந்த மூலையில் புதிய புரத அமைப்பைத் தீர்த்தாலும், அது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அது பிறந்த வளாகத்தைத்தான் தங்கள் தம்பி பரீட்சை அலுவலகம் என்கிறார்!

நாங்கள் படித்தபோது வகுப்பில் இருபது பேர்கூட இல்லை. முதல் பருவத்திலேயே ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஒரு புரதத்தின் அணு ஆயங்களை (ஒவ்வோர் அணுவும் இருக்கும் இடத்தைக் குறிக்கும் எண்களை) அச்சிட்ட தாளைக் கையில் தந்து, அடுத்தடுத்த நான்கு அணுக்களை எடுத்து, அவற்றுக்கிடையே உள்ள திருப்பக் கோணத்தைக் கணிப்பானில் போட்டுக் கண்டுபிடித்து, வரைபடத் தாளில் புள்ளி வைத்து வரச் சொன்னார்கள். சுருள் வடிவப் பகுதி என்றால் ஏறக்குறைய கழித்தல் 57, கழித்தல் 47 பாகை என்று வர வேண்டும். நான் ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து போட்டுவிட்டுப் பெருமையோடு கூட்டல் 57, கூட்டல் 47 என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "இடது கை சுருளைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாய், இயற்கையில் இவ்வளவு நீளத்துக்கு இது கிடைக்காது, குறியை எங்கே தவறவிட்டாய் என்று தேடு" என்று திருப்பித் தந்தார். திசையன் பெருக்கலில் வரிசையை மாற்றிப் போட்டிருந்தேன். அதைக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு நாள் ஆயிற்று. நூறு பேர் உட்காரும் வகுப்பில் இப்படி ஒருவன் தாளைப் பார்த்து ஒரு குறிக்காக யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். துறையில் படிப்பது என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

வகுப்பறை

முந்தைய பதிலை ரசித்து வாசித்தேன். ஆனால் ஓர் இணைவுக் கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் சில இடங்களில் மாறுபடுகிறேன்.

கல்லூரி என்றால் வெறும் பாடம், துறை என்றால் ஆராய்ச்சி என்று கோடு கிழிப்பது அவ்வளவு சரியல்ல. சி.வி. ராமன் 1907இல் எம்.ஏ. முடித்தது மாநிலக் கல்லூரியில். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் பி.எஸ்சி. ஆனர்ஸ் முடித்ததும் அதே கல்லூரியில்தான். இருவருமே மாணவர்களாக இருந்தபோதே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர்கள், இருவருக்கும் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம், ஆனால் வளர்த்தது கல்லூரி. கல்லூரியிலும் ஆராய்ச்சி நடக்கும், துறையிலும் நடக்காமல் போகலாம். 1963இல் என்ன நடந்தது என்பதை வைத்து இந்த ஆண்டு சேர்க்கையைத் தீர்மானிக்க முடியாது. ராமச்சந்திரனே எழுபதுகளின் தொடக்கத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போய்விட்டார் என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

இன்றைய நிலைமையைப் பற்றித் தாங்கள் செய்தித்தாளில் வாசித்தது பொய்யல்ல. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்த பிறகு, புதியவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவை அமைப்பதில் ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையே எழுந்த பிணக்கால் அந்த இடம் நீண்ட காலம் நிரப்பப்படாமல் கிடந்தது. 2024இன் தொடக்கத்தில் வரி நிலுவைக்காக வருமான வரித் துறை வங்கிக் கணக்குகளை முடக்கிய செய்தியும் வந்தது. ஓய்வூதியச் சுமை ஒரு பக்கம், போதாத மானியம் மறுபக்கம். ஆனால் இவற்றைக் காட்டிலும் மாணவரை நேராகத் தொடுவது வேறொன்று. ஓய்வு பெற்றுப் போகும் ஆசிரியர்களின் இடத்தில் புதியவர்கள் வருவதில்லை. ஒரு துறையின் பெயர்ப்பலகை அப்படியே இருக்கும், உள்ளே நிரந்தரப் பேராசிரியர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்திருப்பார்கள், மீதிப் பாடங்களைக் கௌரவ விரிவுரையாளர்கள் எடுப்பார்கள். கௌரவ விரிவுரையாளர்கள் குறைந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை, எங்கள் கல்லூரியில் மிகச் சிறப்பாகக் கற்பிப்பவர் அவர்களில் ஒருவர்தான். ஆனால் ஆய்வகத்துக்குத் திட்ட நிதி கொண்டுவருவதும் முனைவர் பட்ட மாணவரைச் சேர்த்துக்கொள்வதும் நிரந்தர ஆசிரியரால்தான் முடியும்.

ஆகவே தாங்கள் கேட்க வேண்டியது "பல்கலைக்கழகம் நல்லதா" என்பது அல்ல. அந்தத் துறையில் இப்போது நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓய்வு பெறுகிறார்கள், நடப்பில் உள்ள ஆய்வுத் திட்டங்கள் எவை, போன ஆண்டு இறுதிப் பருவ ஆய்வேட்டை மாணவர்கள் எங்கே செய்தார்கள் என்பவற்றைக் கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் நெறியாளராக இருக்கலாம். துறையில் இரண்டு மூன்று பேர்தான் இருந்தால் பின்னாளில் அங்கேயே முனைவர் பட்டத்துக்குச் சேர எவ்வளவு இடம் இருக்கும் என்று தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு, தாங்கள் ஆசிரியை என்பதால் சொல்கிறேன். எம்.எஸ்சி. உயிர் இயற்பியல் முடித்துவிட்டு, நாளைக்கு மனம் மாறி முதுகலை இயற்பியல் ஆசிரியர் பணிக்கோ அரசுக் கல்லூரி இயற்பியல் பணிக்கோ விண்ணப்பிக்க நினைத்தால், பட்டத்தின் பெயர் வேறாக இருப்பதால் இணைத்தன்மை பற்றிய அரசாணை, அதாவது இரண்டு பட்டமும் சமம் என்று சொல்லும் ஆணை, கேட்பார்கள். அந்தப் பாடத்துக்கு அப்படி ஓர் ஆணை இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே விசாரித்துவிடுங்கள். என் மாணவர் ஒருவர் வேறொரு பாடத்தில் இதை விசாரிக்காமல் முடித்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் கண்ணீரோடு திரும்பி வந்தார்.

சேப்பாக்கம் வாசகன்

அறிவியல் துறைக்காரர்கள் இருவரும் எழுதிய பிறகு ஒரு தமிழ்க்காரன் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆனால் "ஆராய்ச்சி நடக்கும் இடமா" என்ற கேள்விக்குக் கிண்டியில் மட்டும் விடை தேடினால் பாதிதான் கிடைக்கும். முதலில் ஒரு சிறு தகவல். பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் நகரம் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. நூலகமும் கணிதமும் சமூக அறிவியல் துறைகளும் சேப்பாக்கத்தில், மொழித் துறைகள் மெரினா வளாகத்தில், பெரும்பாலான அறிவியல் துறைகள் கிண்டியில், அடிப்படை மருத்துவ அறிவியல் தரமணியில். ஒரு வளாகத்தில் இருப்பவருக்கு மற்றொன்றில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் போவது சகஜம்.

ஆராய்ச்சி என்று பேச்செடுத்தால் ராமச்சந்திரனுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவரைச் சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் ஒரு முறை, சென்னையில் ஒரு முறை என்று இதே பல்கலைக்கழகத்தின் எஃப்.ஏ. தேர்வில் (பட்டப் படிப்புக்கு முந்தைய தேர்வு) தோற்று, பட்டம் இல்லாமல், துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதிக்கொண்டிருந்த சீனிவாச ராமானுஜனுக்கு 1913 மே மாதத்திலிருந்து மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது இந்தப் பல்கலைக்கழகம்தான். பட்டம் இல்லாதவருக்குக் கொடுக்க விதியில் இடமில்லை என்ற தடையைத் தாண்டிக் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறும் முன் அப்படி மூன்று அறிக்கைகள் எழுதிக் கொடுத்தார். தேர்வு நடத்துகிற அலுவலகம் அவரைத் தோல்வி என்று எழுதியது, ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கிய அதே நிறுவனம் அவரைக் கண்டுகொண்டது. கிண்டி நண்பர் சொன்ன "ஒரே பெயருக்குள் இரண்டு நிறுவனங்கள்" என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. பின்னாளில் 1950இல் அழகப்பச் செட்டியார் ராமானுஜன் பெயரில் தொடங்கிய கணித நிறுவனத்தை 1957இல் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது, 1967இல் கணிதத் துறை அதோடு இணைந்தது.

நூலகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1924 ஜனவரியில் அங்கே முதல் நூலகராகச் சேர்ந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்குமுன் மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். வந்த புதிதில் நாள் முழுவதும் சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த வேலை பிடிக்காமல் திரும்பப் போய்விடப் பார்த்தார் என்பார்கள். லண்டனுக்கு அனுப்பிப் படிக்க வைத்தபின் மனம் மாறியது. நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இலும் நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறையை 1933இலும் வெளியிட்டார். உலகம் முழுவதும் நூலகவியல் மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்யும் விதிகள், அவர் இந்தப் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்தபோது எழுதியவை. நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடைத்தது 1936இல்.

எனக்குச் சோறு போட்டது தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், பிறகு ஓர் அனுபந்தமாகவும் பல்கலைக்கழகம் வெளியிட்ட அகராதி அது. 1926 முதல் அதன் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தால் அதில் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று புரியும். தமிழ்ச் சொல், அதன் ஒலிப்பு ரோமன் எழுத்தில் மேற்புள்ளி கீழ்க்கோடுகளுடன், பெயரா வினையா என்ற குறிப்பு, அது எதிலிருந்து வந்தது என்ற விளக்கம், ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், கடைசியில் அடைப்புக்குறிக்குள் அந்தப் பொருளில் அச்சொல் ஆளப்பட்ட நூலும் பாட்டு எண்ணும். அந்த அடைப்புக்குறியைச் சரிபார்க்கவே ஒரு மனிதன் ஏடுகளிடையே அரை நாள் செலவழித்திருப்பான். அதன் சொற்பிறப்புகளில் பலவற்றைப் பின்னால் வந்த அறிஞர்கள் கடுமையாக மறுத்தார்கள், நானும் சில இடங்களில் மறுக்கும் கட்சிதான். ஆனால் மறுப்பதற்கும் முதலில் அதைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. வரலாற்றுத் துறையில் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி பேராசிரியராக இருந்தபோது சோழர் வரலாற்றை எழுதிப் பல்கலைக்கழக வரிசையில் வெளியிட்டதும் முப்பதுகளில்தான்.

"வகுப்பறை" ஐயா சொன்ன ஆசிரியர் பற்றாக்குறை எங்கள் பக்கமும் உண்டு. அதை மறுக்கவில்லை. ஆனாலும் தங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். உயிர் இயற்பியல் படித்தாலும் மாதம் ஒரு நாளாவது பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் வந்து நூலகத்தில் உட்காரட்டும். கணினியில் கிடைக்காத பழைய ஆய்வேடுகள் அங்கே உண்டு.

செங்கம் ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என் தம்பியையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். ராமானுஜன் பகுதியில் அவன் பேச்சு நின்றுவிட்டது. பிறகு, "அவருக்கு 75 ரூபாய் கொடுத்தவன் இப்போது அங்கே இருக்கிறானா என்று கேள்" என்றான்.

"வகுப்பறை" ஐயா சொன்னபடி இணைத்தன்மை பற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன். மேலும் இரண்டு ஐயங்கள். இங்கே எம்.எஸ்சி. முடித்தால் முனைவர் பட்டத்தையும் இங்கேயேதான் செய்ய வேண்டியிருக்குமா? உதவித்தொகை இல்லாமல் ஐந்தாறு ஆண்டுகள் சென்னையில் வைத்துப் படிக்க வைக்க எங்களால் இயலாது.

தரமணி

அம்மா, இந்த இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் அண்மையில்தான் தரமணி வளாகத்தில் முனைவர் பட்டம் முடித்தேன்.

இங்கேயே செய்ய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவின் (சி.எஸ்.ஐ.ஆர்.) தேசியத் தகுதித் தேர்வில் (நெட்) இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால், அந்தத் தொகை மாணவரோடு போகும், அவரை ஏற்றுக்கொள்ளும் எந்தத் துறையிலும் சேரலாம். 2023 முதல் அது மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் முதுநிலையாக உயர்ந்தால் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. ஆகவே தங்கள் பணக் கவலைக்கு விடை பல்கலைக்கழகத்திடம் இல்லை, அந்தத் தேர்விடம் இருக்கிறது. அந்தத் தேர்வில் உயிர் இயற்பியலுக்குத் தனித்தாள் கிடையாது. உயிர் அறிவியல் தாளையோ இயற்பியல் தாளையோ தேர்ந்தெடுக்க வேண்டும். இளநிலையில் இயற்பியல் படித்துவிட்டு வருபவர்கள் முதல் ஆண்டிலேயே எது என்று முடிவு செய்துகொண்டால் நல்லது, இறுதிப் பருவத்தில் மாற்றிக்கொள்வது கடினம். என் வகுப்புத் தோழிகளில் உயிரியலைப் புதிதாகப் படித்துத் தேறியவர்களும் உண்டு, இரண்டு தாளுக்கும் நடுவில் நின்று இரண்டையும் விட்டவர்களும் உண்டு.

முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு, பெண்களுக்குக் கூடுதல் அவகாசம் உண்டு. உண்மையில் எவ்வளவு காலம் ஆகும் என்பது நெறியாளரைப் பொறுத்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு வெளித் தேர்வாளர்களின் அறிக்கை வந்து, வாய்மொழித் தேர்வு நடக்கும் வரை காத்திருக்கும் மாதங்களில் உதவித்தொகை நின்றுவிடும் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதற்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள்.

செங்கம் ஆசிரியை

நேற்று மகளும் நானும் கிண்டி வளாகத்துக்கு நேரில் போய் வந்தோம். "வகுப்பறை" ஐயா எழுதிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். முதலில் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆனால் துறையில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, எண்ணிக்கையையும் மறைக்காமல் சொன்னார்கள். ஆசிரியர்கள் குறைவுதான். ஆய்வகத்தில் இருந்த ஒரு முனைவர் பட்ட மாணவி எங்களை உள்ளே அழைத்து, கணினித் திரையில் ராமச்சந்திரன் வரைபடத்தைத் திறந்து, அதில் புள்ளிகள் எங்கே குவிகின்றன என்று மகளுக்குக் காட்டினார். இடப்பக்கத்தில் பெரிய கூட்டம், வலப்பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில. "இந்த வலப்பக்கத்துப் புள்ளிகள் ஏன் இவ்வளவு குறைவு?" என்று மகள் கேட்டாள். கிண்டி நண்பர் ஒரு நாள் தேடிய அந்தக் கூட்டல் குறிதான் அது என்று எனக்குப் புரிந்தது, ஆனால் நான் வாய் திறக்கவில்லை. அந்த மாணவி அரை மணி நேரம் விளக்கினார்.

சேர்வது என்று முடிவு செய்துவிட்டோம். மகளுக்குப் பட்டம் தரப்போவது திருவள்ளுவர் பல்கலைக்கழகம் என்பதால் இடப்பெயர்வுச் சான்றிதழ் வேண்டும் என்கிறார்கள். அதற்கு விண்ணப்பித்து எத்தனை நாளில் கிடைக்கும் என்று அண்மையில் வாங்கிய யாராவது சொல்ல முடியுமா?

வகுப்பறை

மகிழ்ச்சி. தற்காலிகப் பட்டச் சான்றிதழும் எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்களும் கைக்கு வந்தவுடன் காத்திராமல் விண்ணப்பித்துவிடுங்கள். சேர்க்கை நாளுக்குள் வராவிட்டால், விண்ணப்பித்ததற்கான ரசீதைக் காட்டி, உறுதிமொழிக் கடிதம் கொடுத்துச் சேர்ந்துகொள்ள அனுமதிப்பது வழக்கம். ஆனால் அதைத் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழைக் கொடுக்கும் முன் மூன்று நகலாவது எடுத்து வைத்துக்கொள்ளவும்.